செத்த கிராம்பு

காய்ச்சல் விட்ட மறுநாள் கடைக்குப் போனேன். ஏற்காடு பஜாரில் எங்களுக்குக் காபித்தூள் கடை. மிளகு, கிராம்பு, தைலம், தேன் எல்லாம் வைத்திருக்கிறோம் என்றாலும் பேர் காபித்தூளுக்குத்தான். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். தூள் விழுகிறது, சூடாக இருக்கிறது, விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. மணம் மட்டும் இல்லை.

எஸ்டேட்டில் பழைய கொட்டையைத் தள்ளிவிட்டார்கள் என்று எனக்கு ஒரே ஆத்திரம். போனை எடுத்து அங்கே கணக்கு எழுதுகிற எஸ்டேட் ரைட்டரைப் பிடித்தேன்.

"ஏனுங்க ரைட்டர், எந்தக் காலத்துக் கொட்டைய எங்க தலையில கட்டுனீங்க? வாசமே இல்லைங்களே!"

"இந்த வருசத்துக் கொட்டைங்கம்மா, சத்தியமா" என்றார் அந்த மனுசன். நான் விடவில்லை. என் வீட்டுக்காரர் வந்து போனைக் கையிலிருந்து வாங்கினார்.

"ஜமீலா, வாசம் ஏரிக்கரை வரைக்கும் அடிக்குது. உனக்கு என்னாச்சு?"

எனக்கு நோய் வந்திருக்கிறது என்பது இப்படித்தான் தெரிந்தது, ஒரு பாவமும் செய்யாத ரைட்டரோடு சண்டை போட்டு. அந்த மார்கழிப் பனியில் எங்கள் வீட்டில் காய்ச்சல் ஒரு சுற்று வந்திருந்தது. முதலில் மாமியார், பிறகு நானும் என் ஓரகத்தி நசீமாவும், கடைசியில் ஆண்கள். எல்லோரும் நாலு நாள் படுத்து எழுந்துவிட்டார்கள். என்னிடமிருந்து மட்டும் அது ஒன்றைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தது.

உங்களில் யாருக்காவது இது வந்திருந்தால் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வைத்தியத்தைப் பற்றி டாக்டர்கள் சொல்வார்கள். கூடவே வருகிற பொறாமையைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. அதை நான் சொல்கிறேன்.

சேலத்தில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் என் வீட்டுக்காரர் கூட்டிப் போனார். சின்ன வயதுப் பெண். மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "அனோஸ்மியா" (மணம் தெரியாமல் போவது) என்றார். மூக்கின் கூரையில், உள்ளே மேலே, ஒரு ரூபாய்க் காசளவு இடம் இருக்கிறதாம். அங்கே முடியைவிட மெல்லிய நரம்பு இழைகள். நாம் மூச்சிழுக்கும்போது காற்றில் வருகிற மணத்துகள்கள் அந்த இழைகளில் பட்டு, அங்கிருந்து நேராக மூளைக்குச் செய்தி போகிறது. காய்ச்சலில் அந்த இடம் நொந்துபோயிருக்கிறது. அந்த இழைகள் திரும்ப வளரக்கூடியவை, ஆனால் நாளாகும் என்றார்.

"எனக்கு ருசியும் தெரியலைங்க டாக்டர்."

"தெரியும்ங்க. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்பறம் எலும்பு சூப்புல வருமே ஒரு நெறஞ்ச ருசி, நாக்கு அறியறது இந்த அஞ்சுதான். மத்த எல்லாத்தையும் நீங்க மூக்காலதான் சாப்பிட்டீங்க."

புரியாமல் விழித்தேன். மேசையிலிருந்த டப்பாவிலிருந்து ஒரு சீரக மிட்டாயை எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு சப்பச் சொன்னார். அவர் சப்பினார். "சக்கரைங்க, வேற ஒண்ணும் இல்லை" என்றார். "இப்ப மூக்கை விடுங்க." விட்டார். அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக ஆவி மேலேறி மூக்குக்குப் போகிறதாம், சீரகம் சீரகமாகத் தெரிவது அங்கேதானாம். நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். பக்கத்தில் மூக்கில்லாதவள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

இன்னொன்றும் கேட்டேன். ரமலானில் எங்கள் வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சுவது நான். நோன்பு வைத்துக்கொண்டு ருசி பார்ப்பதில்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்பார்கள், எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. நான் அண்டா மேல் குனிந்து ஆவியை இழுத்தே உப்புச் சொல்லிவிடுவேன். மாமியார் எனக்கு வைத்த பேரே 'மூக்குக்காரி'. அந்த உப்பு வாசம் திரும்ப வருமா என்றேன்.

"உப்புக்கு வாசமே கிடையாதுங்களே" என்றார் டாக்டர்.

"அப்ப இத்தனை வருசமா நான் சொன்னது?"

"உங்க கை பழகியிருக்கும்."

இருந்த மூக்கும் போயிற்று, இல்லாத பெருமையும் போயிற்று. பஸ்ஸில் மலையேறும்போது கொண்டை ஊசி வளைவுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்தேன்.

மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு குப்பிகள். ஒன்றில் ரோஜா, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் கிராம்பு, ஒன்றில் நீலகிரித் தைலம். காலையிலும் மாலையிலும் ஒவ்வொன்றையும் மெதுவாக முகர்ந்து, அது முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். முகர்தல் பயிற்சி என்று பேர். தைலம் மட்டும் எனக்குத் தெரிகிறது என்று குதித்தேன். அது மணமில்லை, குளிர்ச்சி என்றுவிட்டார். காரம், குளிர்ச்சி இரண்டையும் முகத்தில் ஓடுகிற வேறொரு நரம்பு சொல்கிறதாம்.

கடைக்காரர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. விற்கிற சரக்கில் கை வைக்கக் கூடாது. நல்லது கல்லாப் பக்கம், உடைசலும் தூசியும் அடுப்படிப் பக்கம். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து நான் முழு ஏலக்காய் போட்டுப் பாயசம் வைத்ததில்லை. ஆகவே குப்பிக்கும் கடை அலமாரி அடியில் ஒதுக்கிக் கிடந்த தகர டப்பாவிலிருந்துதான் கிராம்பு எடுத்தேன். முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. நசீமாவிடம் நீட்டினேன்.

"பாரு கண்ணு, வாசம் வருதா?"

"கும்முனு இருக்குதுங்க்கா" என்றாள்.

அந்தக் 'கும்மு' என் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

நசீமா என் கொழுந்தனாரின் மனைவி. சேலம் கிச்சிப்பாளையத்துப் பெண், அதிர்ந்து பேசாது. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து வெங்காயம் உரித்தாள், இஞ்சி தட்டினாள், பாத்திரம் கழுவினாள். கரண்டி மட்டும் என் கையில் இருந்தது. நான் டாக்டரிடம் போய் வந்த அன்று மாமியார், "நசீமா, இனிமே அடுப்ப நீ பாத்துக்க சாமி" என்றார். எனக்கு ஓய்வு கொடுக்கிறாராம். யார் கேட்டது ஓய்வு?

அன்றிலிருந்து அவள் சமையல். எப்படிச் சமைக்கிறாள் தெரியுமா? அளவுக் கரண்டி வைத்துக்கொண்டு. மல்லித்தூள் இத்தனை, உப்பு இத்தனை என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்குப் போடுவது மாதிரி. முன்பெல்லாம் எப்போதாவது ரசம் வைக்கச் சொன்னால் கையளவுதான் போடுவாள். இப்போது பொறுப்பு வந்ததும் கரண்டி வந்துவிட்டதாக்கும் என்று முணுமுணுத்தேன். மிளகும் மிளகாயும் கூடிவிட்டன. ஆண்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொழம்பு சுருக்குனு இருக்குது, இன்னொரு கரண்டி ஊத்து" என்றார்கள்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், எனக்கும் அவள் குழம்புதான் பிடித்தது. ஒரு நாள் பிடிவாதமாக நானே கறிக்குழம்பு வைத்தேன், என் பழைய பக்குவத்தில். வாயில் வைத்தால் வெதுவெதுப்பான களிமண். அவள் வைத்ததில் காரம் சுட்டது, புளி இழுத்தது, முறுகல் கடிபட்டது. ஏதோ ஒன்று நடந்தது. இவள் என் அடுப்பையும் வாங்கிக்கொண்டு என் நாக்கையும் வாங்கிக்கொண்டாளே என்று தட்டைத் தள்ளிவைத்தேன். பிறகு இழுத்து வைத்துச் சாப்பிட்டேன்.

பொறாமை அவளோடு நிற்கவில்லை. கடை வாசலில் டூரிஸ்டுகள் கண்ணை மூடி மூச்சிழுத்து "ஆகா" என்பார்கள். பிடித்து வெளியே தள்ளலாம் போல இருக்கும். கறிக்கடைப் பக்கம் தரையை முகர்ந்துகொண்டு போகிற நாயைக்கூட நின்று பார்த்திருக்கிறேன். மாசியில் ஒரு மழை பெய்து எஸ்டேட் முழுக்கக் காபிப் பூ வெடித்தது. ஒவ்வொரு வருசமும் அந்த ஒரு வாரம் ஊரே மல்லிகைப் பந்தல் மாதிரி மணக்கும். கிளியூர் அருவிக்குப் போகிற வழியில் ஜீப்பில் எல்லோரும் கண்ணாடியை இறக்கினார்கள். நான் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றினேன். வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது, கண்ணுக்குப் பூ, அவ்வளவுதான்.

உடம்பு மட்டுமில்லை, நேரமும் மாறிவிட்டது. எனக்குப் பொழுது மூக்கால் விடிந்துகொண்டிருந்தது. பால் பொங்கும் வாசம் வந்தால் இன்ன நேரம், மிஷின் சூடேறும் வாசம் வந்தால் இன்ன நேரம், பனி இறங்குவதற்கு முன் ஒரு ஈர வாசம். இப்போது கடிகாரம் சொன்னால்தான் உண்டு. என் உடம்பு நாற்றமடிக்கிறதோ என்று ஒரு நாளைக்கு மூன்று முறை குளித்தேன். ஏற்காட்டுக் குளிரில்.

நோன்பு வந்தது. கஞ்சி அண்டாவுக்கு முன்னால் நசீமா நின்றாள். நான் பூண்டு உரிக்கிற சாக்கில் அடுப்படி மூலையில் உட்கார்ந்து அவளைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. இறக்கி வைத்தாள்.

பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் வாயில் போட்டு, எல்லோரும் கஞ்சியைக் கையில் எடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் என் வீட்டுக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார். கொழுந்தனார் அவரைப் பார்த்தார்.

"கஞ்சி அடிப்புடிச்சிருச்சு" என்றார் மாமியார். "காந்தல் நாத்தம் கொடலப் பொரட்டுது. பக்கத்துலதானே நின்னே நசீமா, மூக்கு எங்க போச்சு?"

"மாடிக்குத் துணி எடுக்கப் போயிட்டனுங்க மாமி, அந்த நேரத்துல..." என்றாள் நசீமா.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் காறித் துப்புவீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன். ரமலானில், நோன்பு திறந்த வாயோடு, எனக்குள் ஒருத்தி கும்மி கொட்டினாள். அந்தக் காந்தல் கஞ்சியை இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தேன். எனக்கென்ன தெரியப்போகிறது?

படுக்கப் போகும்போதுதான் உறைத்தது. அவள் மாடிக்குப் போகவில்லை. அடுப்படியை விட்டு ஓர் எட்டு நகரவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேனே.

மறுநாள் விடியுமுன், சஹர் சாப்பாட்டுக்கு முன் குப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நோன்பு நேரத்தில் முகர்வதா வேண்டாமா என்ற சந்தேகத்தில் அப்படி நேரம் மாற்றியிருந்தேன். என் வீட்டுக்காரர் கிராம்புக் குப்பியை எடுத்துப் பார்த்தார். ஒரு கிராம்பை நகத்தால் கீறினார்.

"இதை எங்க எடுத்தே?"

"அலமாரிக்கு அடியில, தகர டப்பாவுல."

"அடப் பாவமே. அது ஒருத்தன் என்னைய ஏமாத்தித் தள்ளுன சரக்கு. எண்ணெய வடிச்சு எடுத்த கிராம்பு. திருப்பிக் குடுக்க ஒதுக்கி வெச்சிருந்தேன். செத்த கிராம்பு ஜமீலா, இதுல ஏது வாசம்?"

இரண்டு மாதமாக நான் செத்த கிராம்பை முகர்ந்து, என் மூக்குச் செத்துவிட்டது என்று அழுதிருக்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. கும்முனு இருக்குதுங்க்கா என்றாளே ஒருத்தி.

அவர் எழுந்து முன்பக்கம் கடைக்குப் போனார். விற்கிற டப்பாவிலிருந்து ஒரு பிடி கிராம்பு அள்ளி வந்து குப்பியில் போட்டார். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அந்தச் சட்டம் முதன்முதலாக உடைந்தது.

மதியம் கொல்லைப்புறத்தில் நசீமா புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள். பழைய கிராம்பை அவள் முன்னால் நீட்டினேன்.

"எப்படி இருக்குது?"

"நல்லா கும்முனு இருக்குதுங்க்கா."

"இது எண்ணெய் எடுத்த சரக்காம். யாருக்கும் வாசம் வராதாம்."

அவள் கை நின்றது. முகத்தை நிமிர்த்தவில்லை.

"எப்ப இருந்து?" என்றேன்.

"உங்களுக்குப் போன அன்னிக்கே தானுங்க்கா."

"ஏன்டி சொல்லலை?"

"நீங்க மொதல்ல சொல்லீட்டீங்க." புதினாவைக் கிள்ளிக்கொண்டே பேசினாள். "உங்களைச் சேலத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மாமி கரண்டிய எங்கிட்டக் குடுத்தாங்க. இந்த ஊட்டுக்கு வந்து மொதத் தடவையா ஒண்ணு குடுத்தாங்க. எனக்கும் மூக்கு இல்லைன்னு எப்படிங்க்கா சொல்றது?"

அவள் ஒரு தண்டை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"உங்களுக்கு நோவுன்னா இந்த ஊடே நிக்குது. எனக்கு நோவுன்னா ஒரு கொழம்பு நிக்கும். அவ்வளவுதான். நீங்க அந்த நாலு குப்பிய வெச்சுட்டு உக்கார்றதப் பாக்கப் பாக்க எனக்கு நொம்பப் பொறாமையா இருக்கும். நீங்க இல்லாதப்ப எடுத்து மோந்து பாப்பேன். ஒண்ணுமே வராது."

அளவுக் கரண்டி வந்தது ஏன் என்று இப்போது புரிந்தது. மிளகாய் கூடியது ஏன் என்று புரிந்தது. மூக்கில்லாதவள் தன் நாக்குக்கு வைத்த குழம்பு. மூக்கில்லாத எனக்கு அது பிடிக்காமல் எப்படி இருக்கும்?

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு முதலில் தோன்றியது, இத்தனை நாள் வயிறெரிந்ததெல்லாம் வீணா என்பதுதான். அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது. நோன்போடு இப்படி அழுதால் தொண்டை வறண்டுவிடும் என்று அதட்டினேன்.

அவளை நானே சேலத்துக்குக் கூட்டிப் போனேன். பெருநாள் கழித்துப் போய் வரலாம் என்றார் கொழுந்தனார். என் மூக்கென்றால் மறுநாளே ஓடினீர்கள், இவள் மூக்கு மட்டும் பெருநாள் வரை காத்திருக்குமா என்று கேட்டேன். மாமியாரிடம் விசயத்தைச் சொன்னபோது நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரெண்டு மருமக, ஒரு மூக்குக் கெடையாது. அல்லாவே!" மிச்ச நோன்புக்கெல்லாம் அவரே அண்டாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடிப்பிடிக்கிறதா என்று காவல் காத்தார். கேஸ் கசிந்தால் கத்துகிற கருவி ஒன்றையும் வாங்கி மாட்டினோம். உங்கள் வீட்டிலும் மாட்டிவிடுங்கள். பழைய சாதம், பால் எதையும் நம்பாதீர்கள், மூக்குள்ள யாரிடமாவது ஒரு தரம் நீட்டுங்கள்.

இப்போது குப்பிகள் எங்கள் இருவருக்கும் பொது. காலையில் பின்வாசல் படியில் உட்காருவோம். சித்திரை கடைசியில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஜனம் மலையேறி வந்து கடையில் மிஷின் ஓயாமல் ஓடிய நாட்களில், எனக்குக் காபி வாசம் வந்தது. காபியாக இல்லை, டயர் எரிகிற நாற்றமாக. குமட்டிக்கொண்டு வெளியே ஓடினேன். பரோஸ்மியா (ஒரு மணம் வேறொன்றாகத் தெரிவது) என்றார் டாக்டர். இழைகள் வளர்ந்து வழி தவறி வேறு இடத்தில் போய் ஒட்டிக்கொள்வதாம். நல்ல அறிகுறிதான், பொறுத்திருங்கள் என்றார். காபித்தூள் கடைக்காரிக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும் என்று நசீமாவிடம் புலம்பினேன்.

"உங்களுக்கு அந்த நாத்தமாச்சும் வருதுங்களே" என்றாள் அவள். "எனக்கு அதுவும் இல்லை."

அதற்குப் பிறகு அவளிடம் புலம்புவதை விட்டுவிட்டேன்.

போன வாரம் மழை விட்ட ஒரு காலை. ரோஜா, ஒன்றுமில்லை. எலுமிச்சை, ஒன்றுமில்லை. தைலம் குளிர்ந்தது. கிராம்புக் குப்பியை எடுத்தேன். பழக்கத்தில் மூச்சிழுத்தேன். மாமியார் பல்வலிக்குக் கடைவாயில் அடக்கிக்கொள்வாரே, அந்த வாசம். மெல்லிசாக, வந்த வேகத்தில் போய்விட்டது. மறுபடி இழுத்தேன். மறுபடி வந்தது. கிராம்பு, கிராம்பாகவே.

கத்தியிருக்க வேண்டும். பக்கத்தில் நசீமா கை நீட்டிக் காத்துக்கொண்டிருந்தாள். முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு குப்பியைக் கொடுத்தேன். அவள் முகர்ந்தாள். மூக்கைச் சுருக்கி, கண்ணை மூடி, எவ்வளவு நேரம்.

"வருதா?" என்றேன்.

"இல்லீங்க்கா. உங்களுக்கு?"

"எனக்கும் இல்லை."

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"பொய் சொல்றீங்க. இதே மூஞ்சிய வெச்சுட்டுத்தானே நான் உங்களுக்குச் சொன்னேன்."

நான் படியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரைப் பார்த்தேன். அவள் குப்பியை மடியில் வைத்தாள். பிறகு, "எனக்குப் பொறாமையா இருக்குதுங்க்கா" என்றாள்.

"இருக்கட்டும் கண்ணு. நொம்ப நாள் நான் வெச்சிருந்தது. இப்பக் கொஞ்ச நாள் நீ வெச்சுக்க."

அவள் குப்பியை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள்.